யாரும் சரி என்று சொல்லவில்லை

அக்கா,

இன்று காலை ஆலையின் பூட்டைத் திறந்ததும் சாமை உமியின் வாசம் முகத்தில் அடித்தது. உங்கள் சேலையில் எப்போதும் இருந்த வாசம். மணி ஒன்பதாகியும் வேலைக்கு ஒருவரும் வரவில்லை. பயந்துவிட்டேன்.

நாலு மணிக்குச் சரக்கெடுக்கப் போளூர் வியாபாரியின் வண்டி வருவதாக இருந்தது. பத்து மூட்டை சாமை அரிசி இன்னும் புடைக்கவே இல்லை. இந்த முறையும் தவறினால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக வியாபாரி சொல்லிவிட்டார். நீங்கள் ஆலையை என்னிடம் விட்டுப்போன மூன்றே மாதத்தில் ஆலையை மூடியவள் என்று ஜவ்வாது மலை முழுக்கப் பேர் எடுத்துவிடுவேனோ!

வினையை விதைத்தது நான்தான். சனிக்கிழமை, எட்டு மணிக்கு வரவேண்டும், பேச்சு கூடாது, இன்னாருக்கு இன்ன வேலை என்று எழுதிப் படித்தேன். எட்டுப் பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டேன். வாணியம்பாடி செருப்புக் கம்பெனியில் பதினான்கு வருடம் அப்படித்தான் வேலை வாங்கினேன். அங்கே மணியடித்தால் வேலை ஓடும். ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு நின்றால், சூப்பர்வைசருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சிரிப்பார்கள்.

நீங்களோ உமி நீக்கும் மிஷினை எந்த மூலையில் வைப்பது என்று கேட்கவே ஒரு மத்தியானத்தைச் செலவழித்தீர்கள். ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள்.

"இன்னாக்கா, இது கூட்டமா ஜெபமா?" என்று கிண்டல் செய்தேன்.

"இரும்மா, இன்னும் ரெண்டு பேரு சரி சொல்லல" என்றீர்கள்.

உங்களுக்கு அதிகாரம் பண்ணத் தெரியவில்லை என்றே அன்று நினைத்தேன். மன்னித்துவிடுங்கள்.

நம் ஆலையில் புடைக்கும் சின்னப்பொண்ணு வீட்டுக்கு ஓடினேன். எட்டுப் பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

"இன்னா சின்னப்பொண்ணு, யாருமே வரலியே?"

"வர்றோம்னு யாரு சொன்னது மேடம்?" கோபமே இல்லாமல் கேட்டாள். "நீங்க படிச்சீங்க. நாங்க ஒருத்தியும் சரின்னு சொல்லலியே."

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். சுவரில் ஒட்டியதைக் கிழித்துவிடுகிறேன், இன்றைக்குப் பத்து மூட்டை முடிக்க வருவீர்களா என்று ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கேட்டேன். வண்டி நேரத்தைச் சொல்லி அவசரப்படுத்த நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எப்படித்தான் அவ்வளவு நேரம் சும்மா இருந்தீர்களோ! கடைசியில் ஒருத்தி "சரி" என்றாள். கொஞ்சம் கழித்து இன்னொருத்தி. எட்டாவதாகச் சின்னப்பொண்ணு.

துள்ளி எழுந்தேன். யாரும் எழவில்லை.

"இன்னும் இன்னா?" என்றேன்.

"இன்னும் ஒருத்தர் சொல்லல மேடம். நீங்க. உங்களுக்குச் சரியா?"

நானும் சரி என்று சொன்னேன். வண்டி சரக்கோடு மலை இறங்கிவிட்டது. நாளை என்ன ஆகுமோ என்ற பயம் போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன், அக்கா. கம்பெனியில் இருந்த பதினான்கு வருடத்தில் என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.