வீணாகப் போன தண்ணீர்

மார்ச் 4
சொட்டுநீர்க் குழாய் போட்டு முடித்தார்கள். வேளாண் அலுவலர் தானே மண்வெட்டி வாங்கி வாய்க்காலை மூடினார். "இனிமே ஒரு சொட்டு வீணாகாதும்மா" என்றார். தம்பி வேலியோரம் நின்று சிரித்தான். "எங்க அக்கா கஞ்சத்தனத்துக்கு இப்ப மிஷினே வந்துடுச்சு!" இவனுக்கு வாய் மட்டும் குறைவில்லை.

மார்ச் 19
கால்வாயில் என் முறைக்கு வந்த தண்ணீர் பாதிக்கு மேல் என் வயல் குட்டையில் அப்படியே நிற்கிறது. எனக்கே நம்ப முடியவில்லை. தரிசாகக் கிடந்த மேட்டையும் உழுது தக்காளி நட்டுவிட்டேன். இருக்கிற தண்ணீரை விடுவானேன்?

மே 11
தம்பியின் மோட்டார் காற்றை இழுக்கிறது. அவன் எலுமிச்சைத் தோப்பு என் வயலுக்குக் கீழே. பாகம் பிரித்தபோது கால்வாய்ப் பங்கு எனக்கு, கிணறு அவனுக்கு. வற்றாத கிணறு என்று அப்பாதான் அவனுக்குக் கொடுத்தார்.
கோடைதானே, தண்ணீர் ஏறிவிடும் என்றேன்.
"அப்பா இருந்தப்பவும் கோடை வந்துச்சேக்கா."
மேட்டுத் தக்காளிக்குத் தண்ணீர் திறக்க வந்துவிட்டேன்.

ஜூன் 2
மேட்டில் தக்காளி காய்த்துக் குலுங்குகிறது. யாரிடமும் சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை.

ஜூன் 20
தம்பி கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தான். மேலே வந்து உட்கார்ந்தவன் வெகுநேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.
"உன் வயல் பக்கத்துச் சுவர்தான்க்கா எப்பவும் ஊறிட்டே இருக்கும். இப்ப அதுதான் காஞ்சு கிடக்கு."
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
வீணாகிறது வீணாகிறது என்றார்களே, அந்தத் தண்ணீர் என் பாத்தியில் இறங்கி இவன் கிணற்றுக்குத்தான் போயிருக்கிறது. இத்தனை வருஷமாக. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அப்போ நான் எதை மிச்சம் பிடித்தேன்? ஒன்றையும் இல்லை. இவன் தண்ணீரைக் கொண்டுபோய் மேட்டில் ஊற்றியிருக்கிறேன்.

ஜூலை 8
தோப்புக்கு ஒரு குழாய் இழுத்துத் தருகிறேன் என்று சொல்லப் போனேன். தம்பி மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.
"வேணாம்க்கா. கேக்காம வந்துட்டிருந்த தண்ணி. இனிமே தினமும் உன் வாசல்ல வந்து நிக்கணுமா?"
"நான் என்ன யாரோவாடா? கூடப் பொறந்தவடா!" — கத்திவிட்டேன். பக்கத்து வயல்வரை கேட்டிருக்கும்.
மேட்டுத் தக்காளியை விட்டுவிடலாம்தான். ஆனால் இன்னும் பறிப்பு இருக்கிறது. அது முடியட்டும் — இப்படித்தான் ஓடுகிறது புத்தி. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 21
அலுவலர் நாலு பேரைக் கூட்டி வந்தார். தண்ணீரைச் சிக்கனமாகப் பாய்ச்சுகிறேனாம், என்னைப் படம் எடுத்தார்கள்.
"கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கம்மா, பின்னாடி பட்ட மரமெல்லாம் தெரியுது."
தள்ளி நின்றேன்.

செப்டம்பர் 6
தம்பி குடும்பத்தோடு கிளம்பிவிட்டான். நகரத்தில் லாரி ஓட்டப் போகிறான். மரங்களை விறகுக்குக் கொடுத்துவிட்டான். மோட்டார் அறைச் சாவியை என் கையில் வைத்து, "பாத்துக்கோக்கா" என்றான். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

செப்டம்பர் 7
மேட்டுச் செடிகளைப் பிடுங்கிப் போட்டேன். குழாய்களைச் சுருட்டினேன். அலுவலர் மூடிய இடத்திலேயே வாய்க்காலை வெட்டிவிட்டேன். போகிறவர்கள் எல்லாம், "என்னம்மா, மறுபடியும் வீணாக்குறீங்க?" என்கிறார்கள்.

டிசம்பர் 13
கிணற்றில் என் பக்கத்துச் சுவர் வழிகிறது. எட்டிப் பார்த்தால் அடியில் என் தலை தெரிகிறது. வீட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்கு ஓடினேன். ஓடிக்கொண்டே போன் போட்டேன்.
"ஏறிடுச்சுடா! வந்துடுடா!"
லாரிச் சத்தத்துக்கு நடுவே சொன்னான்.
"சந்தோஷம்க்கா. எனக்குத்தான் மரம் இல்லையே. நீயே எடுத்துக்கோ."
மோட்டாரைப் போடவில்லை. சாவியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டேன்.