படத்தில் ஒழுகாத வீடு

அன்புள்ள பட்டுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கீங்கன்னு நேற்று போனில் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. இங்கே நான் சுகம், உன் அம்மாவும் முழங்கால் தவிர மற்றபடி சுகம். இனி மூன்று மாடி ஏற அவளால் ஆகாது என்று வீட்டை அந்த இணையதளத்தில் விற்கப் போட்டோமில்லையா, அதே தளத்தில் கீழ்த்தளமாக ஒரு வீடும் தேடிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒன்று கண்ணில் பட்டது. அடடா, என்ன வெளிச்சம், ஜன்னலோரம் செடி, பால் மாதிரி கூரை! எத்தனையாவது மாடி என்று மட்டும் போடவில்லை, இவ்வளவு லட்சணமான வீடு கீழேதான் இருக்கும் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். இன்னும் ஆறு பேர் இதைப் பார்க்கிறார்கள் என்று சிவப்பில் மின்னியதும் உடனே, சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன் என்று அழுத்தினேன். அதே பதினொரு மணிக்கு நம் வீட்டைப் பார்க்கவும் ஒருத்தர் வருவதாக உன் அம்மா போனுக்குத் தகவல். அவரை நீ கவனி, நான் போய் அந்த வீட்டை மடக்கிவிட்டு வருகிறேன் என்று இஸ்திரிச் சட்டையோடு படி இறங்கினேன். முகவரியை அப்போதுதான் அனுப்பினார்கள். படித்தேன். வந்த படியெல்லாம் திரும்ப ஏறி, நம் வீட்டு மணியையே அடித்தேன். பவுடர் பூசிக் கதவைத் திறந்த உன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாங்க சார், ஒழுகுற ரூமை முதல்ல காட்டட்டுமா என்றாள்.

சிரித்தது போதும், விஷயம் அதற்கப்புறம்தான். நாம் அனுப்பிய படத்தில் அந்தத் தளத்துக்காரர்கள் பின்னறைக் கூரைக் கறையை அழித்து, இல்லாத செடியை வைத்து, மழைக்கு ஒழுகும் என்று நான் எழுதிக் கொடுத்த வரியையும் தூக்கிவிட்டார்கள். கேட்டால் அவர்கள் அலுவலகப் பெண், யாராவது கேட்டா மட்டும் சொல்லுங்க அங்கிள், எல்லாரும் அப்படித்தான் என்கிறாள். இதற்குள் கைக்குழந்தையோடு வாடகை வீட்டில் இருக்கும் ஒரு நர்ஸம்மா, படத்தை மட்டும் நம்பி முன்பணம் கட்டத் தயாராகிவிட்டாள். உண்மையைச் சொன்னால் வீடு போகாது, வீடு போகாவிட்டால் உன் அம்மா முழங்கால் போய்விடும். இரண்டு நாள் முழித்தோம். சொந்த வீட்டையே அடையாளம் தெரியாமல் ஏமாந்தவன் நான், அந்த நர்ஸம்மா என்ன செய்வாள் என்று நேராக அவளுக்கே போன் போட்டு, கறை, ஒழுகல், ஐம்பத்திரண்டு படி, ஒன்று விடாமல் ஒப்பித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, படி பரவாயில்லை சார், மழை பெய்யும்போது வந்து எவ்வளவு ஒழுகுதுன்னு பார்த்துட்டு விலை பேசலாம் என்றாள். அன்றிலிருந்து உன் அம்மா ஜன்னலில் நின்று வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீங்களும் வீடு பார்ப்பதாகச் சொன்னாய். படத்தைப் பார்த்து வாயைப் பிளக்காதே, உன் உடம்பில் என் ரத்தம் ஓடுகிறது. நேரில் போ, குழாயைத் திற, கூரையை அண்ணாந்து பார். இரண்டு பேரும் மனசும் உடம்பும் குளிர்ந்து இருங்கள்.

இதோ, நாலு துளி விழுகிறது. உன் அம்மா நர்ஸம்மாவைக் கூப்பிட்டுவிட்டாளாம், அவள் வந்து பார்க்கும்வரை வாளியைத் தொடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

இப்படிக்கு,
தலையில் சொட்டச் சொட்ட
உன் அப்பா