எட்டாயிரமாம் போர்ட்டில் இருந்தது யார்?

உமது கையெழுத்தில் ஒரு வரி எழுதிய சீட்டு என் முன்னால் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அதைத் தேடி எடுக்க வேண்டி வந்தது. சர்வரை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீண்டும் தொடக்கினால், போர்ட் 8000 ஏற்கெனவே பாவனையில் உள்ளது என்றது மடிகணினி.

லிட்கம் தமிழ் வகுப்புக்கு நீர் செய்து தந்த பயிற்சிப் பக்கம்தான் அந்தச் சர்வரில் ஓடுவது. துப்புரவு வேலை முடித்த களைப்போடு மெரிலேண்ட்ஸில் என் வீட்டுக்கு வந்திருந்து செய்தீர். "போர்ட் எண்டால் நம்பர் போட்ட கதிரை, மாஸ்டர். ஒண்டில ஒராள்தான் இருக்கலாம்" என்றீர். நாற்பது வருடம் கணிதம் படிப்பித்த எனக்கே பொறாமை வந்த உதாரணம்.

பெற்றோர் பக்கத்தைப் பார்க்க வந்த அந்தச் சனிக்கிழமையும் மடிகணினியில் இதே செய்திதான் வந்தது. அன்று காலை நீர் ஏதோ திருத்தியிருந்தீர். உம்மைக் குற்றம் சொல்ல அது எனக்குப் போதுமாக இருந்தது.

"சர்வரை நிப்பாட்டாமல் விட்டிட்டீர், என்ன? ஒரு பொறுப்பு வேண்டாமோ?" எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

"கொஞ்சம் பொறுங்கோ மாஸ்டர். கதிரையில ஆர் இருக்கிறதெண்டு பாப்பம். ஒரு வரிதான்."

"பாக்க நேரமில்லை" என்று மடிகணினியையே அணைத்துத் திரும்பப் போட்டேன். பக்கம் வந்தது. பெற்றோர் கை தட்டினார்கள்.

படகில் புகலிடம் தேடி வந்த நாள்முதல், நீர் சொல்வது உண்மைதான் என்று எத்தனை அதிகாரிகளுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது உமக்கு! தற்காலிக விசாவோடு எங்களிடம் வந்தீர். நானும் விசாரிக்காமலே தீர்ப்புச் சொன்னேன். "ஓம் மாஸ்டர், போட்டு வாறன்" என்று போனவர் பிறகு வரவில்லை. அடுத்த கிழமை அழைப்போம், அதற்கடுத்த கிழமை அழைப்போம் என்றிருந்தேன். மாரடைப்பில் நீர் போய்விட்டீர் என்று உமது அறைத் தோழர்தான் என்னை அழைத்தார்.

இப்போது அந்த மடிகணினியைத் தொடுவது நான் ஒருவன்தான். கதிரையில் ஆர் என்று காட்டும், சீட்டிலிருந்த அந்த வரியை எழுத்தெழுத்தாக அடித்தேன். கதிரையில் இருந்தது நான் நிறுத்தியதாக நினைத்த அதே சர்வர். கன்ட்ரோலும் இசட்டும் அழுத்தித்தான் எப்போதும் நிறுத்துவேன். கடிதம் தட்டும்போது பிழையாகச் செய்ததை மீளெடுக்கும் விசை அல்லவா, தொடக்கியதையும் மீளெடுக்கும் என்று நம்பினேன். அது சர்வரை உறங்க மட்டுமே வைக்குமாம். உறங்குகிறவன் கதிரையை விடுவானா? நிறுத்துவதற்குக் கன்ட்ரோலும் சீயும். அந்தச் சனிக்கு முதல் நாள் அதை ஓட்டிப் பார்த்து "நிறுத்தியவனும்" நானே.

நேற்று வகுப்பில் பெற்றோரை நிறுத்திச் சொன்னேன்: "அண்டைக்குப் பிழை விட்டது நான். அவரில்லை."

ஒரு தாய், உமது சாவு அறியாதவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "அவருக்குச் சொல்லிப்போட்டீங்களோ, மாஸ்டர்?"

எந்தக் கேள்விக்கும் ஒரு உதாரணமாவது வைத்திருப்பேன். இந்தக் கேள்விக்கு, உமது சீட்டை முன்னால் வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.