பலகையில் மிஞ்சிய எட்டுகள்

1936, ஆடி மாதம், செவ்வாய் இரவு

இன்னும் கோபம் ஆறவில்லை. பல எண்களில் எது அதிகத் தடவை வருகிறது என்று கண்டுபிடிக்க இன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் தங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் கரும்பலகையில் எழுதினார்கள். செல்லம்மா ஏழு என்று எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா வெளிய இஸ்தோப்புத் திண்ணையில படுக்குறாரு வாத்தியாரய்யா, அவரையும் சேக்கணுமா?"

சேர்க்கச் சொன்னேன். எட்டாக்கினாள்.

விடை பன்னிரண்டு என்றான் முனியாண்டி. அது பெரிய எண்தான், திரும்பத் திரும்ப வருவது எது என்று பார்க்கச் சொன்னேன். "எட்டு" என்று வகுப்பே சொன்னது.

அந்த நேரம் பார்த்துப் பெரிய கங்காணி உள்ளே வந்தார். பலகையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"காம்பிராவுக்கு அஞ்சு பேருன்னு தோட்டத்துத் தொரை சர்க்காருக்கு எழுதிக் குடுத்திருக்காரு. நாளைக்கு லயத்தச் சோதிக்க மாத்தளையிலருந்து டாக்டர் வர்றாரு, இங்கயும் வந்து பாப்பாரு. இத அழிச்சிருங்க."

"இது கணக்குப் பாடமுங்க."

"வேல வேணுமா, வேணாமா?"

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போய்விட்டார். நான் துணியை எடுத்து அழித்தேன். நான்கு, ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு எல்லாம் போயின. மேலே எழுதியிருந்த 'காம்பிராவில் எத்தனை பேர்?' என்ற கேள்வியிலும் எட்டுகளிலும் மட்டும் கை வைக்கவில்லை. பாடமே அதுதானே.

வேலை வேண்டும்தான். ஆனாலும் டாக்டர் நுழைந்ததும் கண்ணில் படும்படி பலகையை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்தைப் பூட்டினேன். சாவி என்னிடம் இருக்கிறது.