காதுகுத்தும் கண்ணாடிக் குழாயும்

12.5.2007, சனி
அக்னி நட்சத்திரம். காலை ஏழு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டுகிறது. இன்று முதல் ஆக்சிஜன்.

மூளையில் ரத்தம் கசிந்து எட்டு மாதம் ஆகிறது. கை வந்துவிட்டது, கால் வந்துவிட்டது, பேச்சு முன்பைவிட அதிகம் என்கிறாள் என் மனைவி செல்வி. மூத்திரப்பைதான் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. வருகிறது என்று தெரிவதற்குள் வந்துவிடுகிறது. அரியாங்குப்பம் டவுன் பஸ்ஸில் டிரிப் முழுக்க அடக்கியே பழகிய கண்டக்டர் நான். இப்போது மெடிக்கல் லீவு. கக்கூஸ் வாசலில் நாற்காலி.

டாக்டர் சொன்னது: "குழாய்க்குள்ள படுக்க வெச்சி அழுத்தமா ஆக்சிஜன் குடுப்போம். சிலருக்குக் கேக்குது, சிலருக்கு இல்ல. உறுதியா சொல்ல முடியாது."

27ஆம் தேதி தங்கச்சி கலாவின் பையனுக்கு வீராம்பட்டினம் அம்மன் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். ஊரே பார்க்கும். பட்டு வேட்டி. மடி என்னுடையது.

போன வேகத்தில் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் நாளாயிற்றே என்று செல்வி தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பியிருந்தாள். ஆக்சிஜனில் எண்ணெய் தீப்பிடிக்குமாம். டெக்னீசியன் பெண்: "எண்ணெய், சென்ட்டு, நைலான் எதுவும் வாணாம்ணா." வீட்டில் செல்வி: "ஒங்கள குளிக்க வெச்சது என் தப்பு."

14.5, திங்கள்
ஷாம்பு மூன்று பாக்கெட். பருத்தி வேட்டி. உள்ளே விட்டார்கள். ஆள் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய். காது இரண்டும் அடைத்து வலி. ஸ்பீக்கரில், "எச்சில முழுங்குங்கணா." மருமகனுக்கு முன்னால் எனக்குக் காதுகுத்து.

ஒன்றரை மணி நேரம்.
"நடுவுல அவசரம்னா?"
"பிரஷர் எறங்க நேரமாவும்ணா. அவசரத்துக்கெல்லாம் தொறக்க முடியாது."
அவசரத்துக்குத்தானே வந்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கான டயப்பர் கட்டியிருந்தது நல்லதாயிற்று.

17.5, வியாழன்
புழுக்கம். எனக்கு அடுத்துக் குழாய்க்குப் போகிறவர் ஒரு கிழவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா, காலில் ஆறாத புண். "உள்ள தூங்கிடு தம்பி. நான் அப்டித்தான்." தூங்கினால் என் கதி என்ன என்று அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் டயப்பர் மேல் பட்டு வேட்டி கட்டிப் பார்த்தேன். முன்பக்கம் பலாப்பழம். உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வேறு. செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தாள். காதுகுத்துக்கு டயப்பர் கிடையாது.

20.5, ஞாயிறு
குழாய்க்கு லீவு. கலாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வெயில், மழை, மீன் விலை எல்லாம் பேசிவிட்டு மாப்பிள்ளை விஷயத்துக்கு வந்தார்.
"மச்சான், ஒடம்பு முடியலன்னா வாணாம். ஒங்க பெரிப்பா மவன் ஒக்காரட்டும். அவரும் மாமன்தான?"
கலா தலை நிமிராமல் சொன்னாள்: "எம்புள்ளைக்கு எங்கண்ணன் மடிதான்."

மாப்பிள்ளை காபியைக் குடித்தார். அப்பா போனபின் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். இதற்கும் ஆகாதவன் என்றால் அப்புறம் என்ன அண்ணன்? அழுகை வந்தது. கூடவே மற்றதும். எழுந்து ஓடினேன்.

24.5, வியாழன்
குழாயில் முழு நேரமும் இருந்து காய்ந்தபடியே வெளியே வந்தேன்! ஆக்சிஜனா, விடிந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காததா, தெரியவில்லை. டெக்னீசியன் பெண்ணிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று பார்த்தால், தண்ணீர் குடிக்காததற்குத் திட்டினாள்.

27.5, ஞாயிறு
காதுகுத்து முடிந்தது. எழுதியே ஆகவேண்டும்.

மொட்டை, சந்தனம், இடுப்பில் அரைஞாண் மட்டும். பயலை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பையில் தேடினார், துண்டை உதறினார். அது அவர் நெற்றியிலேயே இருந்தது. எனக்கு அடிவயிற்றில் விசில். பல்லைக் கடித்தேன். வலது காது, அலறல். இடது காது, அதைவிடப் பெரிய அலறல். முடிந்தது. நான் காய்ந்திருக்கிறேன்.

அப்போதுதான் மடியில் சூடு. பட்டு வேட்டி தொப்பல். பயல் அழுகையை நிறுத்திவிட்டு நிம்மதியாக என்னைப் பார்க்கிறான்.

"மாமனுக்கு அபிஷேகம்" என்றார் மாப்பிள்ளை. எல்லாரும் சிரித்தார்கள். கலா குழந்தையை வாங்குகிற சாக்கில் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "காலையிலேர்ந்து அவனுக்குத் தண்ணியா குடுத்துக்னு இருந்தேண்ணா. ஜட்டியும் போடல. ஒனக்கு எதுனா ஆனா புள்ள மேல போட்டுக்கலாம்னுதான்."
"நான் இல்லடி. அவன்தான்."
"அவன்தாண்ணா. யாரு கேட்டாலும் அப்டியே சொல்லு." கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

இப்போது செல்வி குழாயடியில் வேட்டியை அலசுகிறாள். அவளிடமும் சொன்னேன். "பரவால்ல வுடுங்க, யாருக்கும் தெர்ல" என்கிறாள்.

நான் இல்லை.