கழித்த எட்டு வாரங்கள்

செப்டம்பர் 18, 2024, புதன்

மடுகரை. காலையிலிருந்து தூறல். மகளுக்கு இன்று ஆறு வாரம். எடை இரண்டு கிலோ நூறு.

நர்ஸ் விஜயராணி அக்கா வாசலில் நின்றார். "ஊசி நாளு. தூக்கிக்கினு வா."

எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தவள், அதைக் கழித்துத்தான் வயது பார்க்க வேண்டும் என்றேன். திருத்திய வயது. படித்திருக்கிறேன்.

"ஊசிக்குப் பொறந்த தேதிதாம்மா கணக்கு. எடை கொறைஞ்சாலும் அதே நாளு." சிரித்தார். "இன்னாம்மா, ஆடித் தள்ளுபடி மாதிரி வயசக் கழிக்கிற?"

நான் சிரிக்கவில்லை. காலண்டரில் எட்டு வாரம் தள்ளி, நவம்பர் 13-ஐ வட்டமிட்டேன்.

செப்டம்பர் 25

மறுபடி வந்தார். அவள் தொடையைக் காட்டினேன் — என் கட்டைவிரல் பருமன். இதில் எங்கே குத்துவீர்கள்?

"அது எங்களுக்குத் தெரியும்டி."

கதவைச் சாத்தினேன்.

மாலையில் தமிழ்க்குமரனிடம் சொன்னேன். "நீ படிச்சவ சுதா. உனக்குத் தெரியாததா?" என் கணவனுக்கு என் படிப்பின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அக்டோபர் 9

தமிழ்க்குமரனுக்கு இரண்டு வாரமாக இருமல். நிற்கவே இல்லை.

அக்டோபர் 21

இப்போது அவளுக்கும். இருமி இருமி முகம் நீலமாகிறது. பிறகு மூச்சே இல்லை. எண்ணினேன். ஏழு. எட்டு. ஏன் எண்ணிக்கினு இருக்கேன்? தூக்குடி, ஓடு —

அக்டோபர் 23

புதுச்சேரி, ஆஸ்பத்திரி. கக்குவான் இருமல் என்றார் டாக்டர். ஆறாவது வார ஊசி போட்டீர்களா?

திருத்திய வயது என்று ஆரம்பித்தேன்.

அவர் கோபப்படவில்லை. "அது தவழறதுக்கு, உட்கார்றதுக்கும்மா. ஊசிக்கு இல்ல. ஒரு டோஸ் போட்டிருந்தா, பெரும்பாலும் இவ்ளோ முத்தியிருக்காது."

பெரும்பாலும். அந்தச் சொல்லுக்குள் எனக்கு இடம் இருக்கிறதா?

அக்டோபர் 29

விடிந்ததும் போய்விட்டாள்.

நவம்பர் 13

நான் குறித்து வைத்த நாள்.

நவம்பர் 22

குழந்தை ஏன் இறந்தது என்று விசாரிக்க மருத்துவ அதிகாரி வீட்டுக்கு வந்தார். பின்னால் விஜயராணி அக்கா.

"ஊசிக்கு யாரும் கூப்பிடலையா?"

"யாரும் வர்ல சார்," என்றான் தமிழ்க்குமரன். என்னைப் பார்க்காமல். எனக்காகச் சொன்ன பொய்.

அக்கா மறுக்கவில்லை. சாவு விழுந்த வீடு என்று நினைத்திருப்பார். அதிகாரி எழுத ஆரம்பித்தார்.

"ரெண்டு வாட்டி வந்தாங்க," என்றேன். "நாந்தான் கதவ சாத்துனேன்."

அவர் எழுதியதை அடித்தார்.

தமிழ்க்குமரன் எழுந்து செருப்பை மாட்டினான். "உன்ன யாரு கேட்டா?" அவ்வளவுதான். போய்விட்டான்.

கிளம்பும்போது அக்கா மெதுவாகக் கேட்டார். "இன்னாத்துக்கும்மா சொன்ன?"

தெரியவில்லை.

இருட்டிவிட்டது. அவன் இன்னும் வரவில்லை.