நீ கீறிய சிவப்புக் கோடு

என் செல்ல மருமகன் தர்ஷனுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். வெள்ளவத்தையில் ஃப்ரிட்ஜ் திருத்தும் கடை வைத்திருந்தவன் நான். கரண்ட் போன ஃப்ரீசரைத் திறந்து பார்த்தே உலகத்துப் பனி உருகப்போகிறது என்று கணித்தேன். அதைச் சட்டலைட் படத்தில் பார்த்துச் சொல்ல நீ கம்பஸ் வரை போக வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அது தேவைப்படவில்லை.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. கடற்கரை ரயில் போகும்போது உன் அறை ஜன்னல் இன்னும் அதிர்கிறது. எனக்குக் களைத்துவிட்டது, மகன். ஒரே கதையை ஒவ்வொரு பின்னேரமும் சொல்வது லேசான வேலையா?

உன் அம்மாவுக்குத்தான் சொல்கிறேன். கண்ணில் புரை விழுந்து அக்காவுக்குப் படம் எதுவும் தெரியவில்லை. "தம்பி, பிள்ளையின்ர பனி எங்க நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பா. கடைசி மாதங்களில் கட்டிலில் சாய்ந்தபடி லப்டொப்பில் நீ எல்லை கீறிய அந்த இமயமலைப் பனியாறு. வெள்ளைப் பனியைக் கம்ப்யூட்டரே பிடித்துவிடும், கல்லும் மண்ணும் மூடிய நுனியை மட்டும் மலை என்று ஏமாந்துவிடும், அதனால் அங்கே மனிதன்தான் கையால் கீற வேண்டும் என்று நீ சொன்னது அவவுக்கு மனப்பாடம். உன் கை பட்ட கோடு. அது போதும் அவவுக்கு.

"அசையேல்ல அக்கா. அவன் கீறின இடத்திலேயே நிக்குது" என்றேன். ஆதாரத்தோடுதான் சொன்னேன். உன்னோடு வேலை செய்த நிவேதா ஃபோனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தா. உன் கோட்டையும் தாண்டி ஒரே வெள்ளை. மாடி மாடியாக ஏறி எல்லா வீட்டுக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். இமயமலை உருகாமல் நிறுத்தியது என் மருமகன்தான் என்று கேற்றடியில் காவல் நிற்கும் வோச்சரிடம் சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன்.

அன்றிரவே நிவேதா கோல் எடுத்தா. "அங்கிள், அது இப்ப விழுந்த புதுப் பனி. கோடை முடிஞ்சு, அதெல்லாம் கரைஞ்ச பிறகு எடுக்கிற படத்திலதான் எல்லை பாக்கிறது."

"அது எனக்குத் தெரியும் பிள்ளை. உம்மைச் சோதிச்சுப் பாத்தனான்" என்றேன்.

அக்காவிடம் மட்டும் கதையை மாற்றவில்லை.

இப்போது களுபோவில ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. பல்கனியில் நின்று எதிர்க்கடைப் பலகையை வாசிக்கிறா. "இனி நீ சொல்ல வேண்டாம். பிள்ளையின்ர ஆண்டுத் துவசத்துக்கு முன்னம் படத்தைக் காட்டு, நானே பாக்கிறன்."

"அங்க இப்ப மேகமாக் கிடக்கு அக்கா. ஒண்டும் தெரியாது."

"ஒரு வருஷமா மேகமோடா?"



கோடை முடிந்த படம் வந்துவிட்டது. பனி உருகி மேலே பின்வாங்கிவிட்டது. நிவேதா அங்கே நீலத்தில் புதுக்கோடு கீறியிருக்கிறா. கீழே வெறும் கல்லில் உன் சிவப்புக் கோடு தனியாகக் கிடக்கிறது. அதை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். "அழிச்சா எவ்வளவு தூரம் போயிட்டுது எண்டு எப்பிடி அங்கிள் சொல்லுறது? இனி எல்லாரும் அவற்ற கோட்டில இருந்துதான் அளப்பினம்."

அந்தச் சிவப்புக் கோட்டை ஃபோனில் விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன்.

துவசத்தன்று நினைவஞ்சலியாக இந்தக் கடிதம் பேப்பரில் வருவதற்கு முதல்நாள், அக்காவை உன் கட்டிலில் இருத்தி இரண்டு கோட்டையும் காட்டுவேன். வாக்குத் தருகிறேன். அவ ஏசினால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று. ஆதாரத்தோடு சொன்னேன் என்றேன் அல்லவா? அது கட்டிய கதை. உன் செத்தவீட்டுக்கு வந்த சனம் போன பிறகு அக்கா முதல் தரம் கேட்டபோது என் கையில் ஒரு படமும் இல்லை. நிவேதாவின் படம் பிறகுதான் வந்தது. அவவின் முகத்தைப் பார்த்தேன், பனி நிற்கிறது என்றேன்.

உன் அம்மாவின் தம்பி,
மாமா